வட்டம் போட்ட இடமெல்லாம் வெட்டினோம்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் உங்களில் யாராவது ஒருவர் வாசலில் நிற்கிறீர்கள். கேட்பது ஒரே கேள்விதான். "அங்கிள், எழுதின கதைய படிச்சிட்டு இன்னா கொறைன்னு சொல்றதுக்குச் சென்னையில காசு வாங்கறாங்களாமே, குடுக்கலாமா?"

நீங்கள் எல்லோரும் ஷூ கம்பெனிப் பிள்ளைகள். பாதிப் பேர் தரம் பார்க்கிற மேஜைக்குப் புதிதாக வந்தவர்கள். லீவு நாளில் என் மகள் பியூலாவோடு சேர்ந்து செல்போனில் குறும்படம் எடுக்கிறீர்கள், திரைக்கதை எழுதுகிறீர்கள். உங்களுக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. கொடுங்கள் என்றால் உங்கள் சம்பளம் போகும். வேண்டாம் என்றால் அதைவிடப் பெரியது ஏதாவது போய்விடுமோ என்று பயம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சினிமா எனக்குத் தெரியாது. ஆனால் கூலி வாங்கிக்கொண்டு அடுத்தவர் பொருளில் குறை சொல்லுகிற வேலையை முப்பத்து நான்கு வருஷம் செய்தவன் நான். முதலில் தோல் பதனிடும் டேனரியில் தோலைத் தரம் பிரித்தேன். பிறகு நீங்கள் வேலை செய்கிற மாதிரி ஒரு கம்பெனியில் ஷூவைக் கடைசியாகப் பார்த்து அனுப்பும் மேஜையில் நின்றேன். காசு கொடுக்கிறவனின் பயம் உங்களுக்குத் தெரியும். வாங்குகிறவனுக்கும் ஒரு பயம் உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

டேனரியில் இருந்தபோது திருப்பத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். சின்னதாகத் தொழில் செய்கிறவர். ஆம்பூரில் ஒரு இடத்தில் அறுநூறு தோல் விலைக்கு வந்திருக்கிறது, லீவு நாளில் வந்து பார்த்துச் சொல், கூலி தருகிறேன் என்றார். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. என் கண்ணுக்கு ஒருவர் காசு கொடுப்பது அதுதான் முதல் தடவை. ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

தோலை வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்போம். உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு, உரிக்கும்போது பட்ட கத்தி, எது கண்ணில் பட்டாலும் வெள்ளி மைப் பேனாவால் வட்டம் போடுவோம். வெட்டுகிறவன் வட்டத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் வெட்டுவான். வட்டம் போட்டது கழிவு. அவ்வளவுதான் கணக்கு.

அந்த மனிதர் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். முதல் இருபது தோலில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று சொன்னால், இதற்கா இவனுக்குக் கூலி என்று நினைப்பாரே! ஒரு சின்னப் புள்ளிக்கு வட்டம் போட்டேன். "ஆங், பாத்தியா!" என்றார் சந்தோஷமாக. அதற்குப் பிறகு என் கை நிற்கவில்லை. மத்தியானத்துக்குள் அந்தத் தோல்கள் எல்லாம் அம்மை போட்டது போல ஆகிவிட்டன.

"நல்ல வேளை தம்பி, காப்பாத்துன" என்று சொல்லிவிட்டு, வாங்காமல் பஸ் ஏறிப் போனார். அதே வாரம் வேறொருவர் அந்தத் தோலை வாங்கினார். குழந்தைகள் செருப்புக்கு வார் வெட்டினார். வார் என்பது விரல் அகலம். இரண்டு வட்டத்துக்கு நடுவில் நாலு வார் வரும். தோல் மொத்தமும் காசாகிவிட்டது.

சில மாதம் கழித்துத் திருப்பத்தூர்க்காரரை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஒளியப் பார்த்தேன், விடவில்லை. "தம்பி, நீ காட்னது ஒண்ணுகூடப் பொய்யில்ல. எல்லாம் இருந்துச்சு. ஆனா நான் இன்னா தைக்கறவன்னு ஒரு வார்த்த கேட்டியா? நானும் செருப்புதான்பா தைக்கறேன். அந்தத் தோலு இல்லாம கைல இருந்த ஆர்டர் பூடுச்சு." திட்டியிருந்தால் தேவலாம். டீ வாங்கிக் கொடுத்தார்.

போட்ட வட்டம் ஒவ்வொன்றும் உண்மை. மொத்தமாகப் பார்த்தால் நான் சொன்னது பொய். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி பியூலா விஷயம்.

பியூலா கம்பெனிக்குப் போய்க்கொண்டே இரண்டு வருஷமாக ஒரு திரைக்கதை எழுதினாள். ஒரே ஷூ கம்பெனியில் அம்மா தையல் லைனில், மகள் தரம் பார்க்கிற மேஜையில். ஒருநாள் மகள் கைக்கு அம்மா தைத்த ஜோடி வருகிறது. அதில் மகள் குறையைக் காட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட் செய்துவிடுகிறாள். அதற்குப் பிறகு அந்த வீடு என்ன ஆகிறது என்பது கதை.

சென்னையில் ஒரு தயாரிப்பாளர் ஆபீஸில் அவள் சிநேகிதிக்குத் தெரிந்தவர் இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை வந்து இருபது நிமிஷம் கதை சொல்லட்டும் என்று நேரம் வாங்கிக் கொடுத்தார். அதற்கு ஆறு வாரம் இருந்தது. ஒரு தடவை வேண்டாம் என்று வைத்த கதையை அந்த ஆபீஸில் மறுபடி கையில் எடுக்க மாட்டார்களாம். ரிஜெக்ட் ஆன சரக்கு லாட் மாதிரி. மகள் சாப்பிட்டாள், தூங்கினாள். நான்தான் நாளை எண்ணினேன்.

"ப்பா, மெட்ராஸ்ல ஒரு மேடம் இருக்காங்க. முன்ன அசிஸ்டென்ட் டைரக்டரா இருந்தவங்க. காசு கட்னா முழுசும் படிச்சு எழுதித் தருவாங்க. அரை மணி போன்லயும் பேசுவாங்க" என்றாள். தொகையைச் சொன்னாள். அவளுடைய மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

"மூஞ்சி தெரியாத ஆளுக்கா?" என்றேன்.

"உன் மூஞ்சி மட்டும் திருப்பத்தூர்க்காரருக்குத் தெரியுமா?"

நியாயம்தான். ஆனால் ஒன்று கேட்டேன். "காசு வாங்கறதுக்கு முன்னால, நீ இன்னா படம் எடுக்கப் போறே, யாருக்காக எடுக்கறேன்னு அந்த மேடம் கேட்டாங்களா?"

கேட்டிருந்தார்கள். படம் யார் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறாய், எந்த இடத்தில் உனக்கே சந்தேகம் என்று இரண்டு கேள்வி எழுதி அனுப்பியிருந்தார்கள். நான் கேட்காததைக் கேட்ட ஆள். கட்டு என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகளே, உங்களுக்கும் அதுவே முதல் சோதனை. நீங்கள் தைப்பது ஷூவா செருப்பா என்று கேட்காதவர்களிடம் தோலை விரிக்காதீர்கள்.

அறிக்கை மூன்று வாரத்தில் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பில் வட்டம், ஓரத்தில் குறிப்பு. பியூலா பிரிண்ட் எடுத்து வந்து மேஜையில் வைத்தபோது என் கை தானாகவே சட்டைப் பையில் பேனாவைத் தேடியது. மகளுக்கு முகம் சின்னதாகிவிட்டது. எனக்கோ, உண்மையைச் சொல்கிறேன், ஒரு தெம்பு வந்தது. சினிமா தெரியாது, ஆனால் வட்டம் தெரியுமே! முப்பத்து நான்கு வருஷமாக வட்டத்தோடுதானே வாழ்ந்தேன்.

"இது இன்னா எழுதியிருக்காங்க?"

"பஸ் சீன் ப்பா. ரிஜெக்ட் ஆன அன்னிக்குச் சாயங்காலம் கம்பெனி பஸ்ல அம்மாவும் பொண்ணும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து போறாங்க. நாலு பக்கம். ஒரு வார்த்த பேசல. இந்த அம்மா ஏன் பேசவே இல்லை, எனக்கு நம்ப முடியவில்லைன்னு எழுதிருக்காங்க."

"பெரிய வட்டமாச்சே. எட்துடு."

"ப்பா, எனக்கு அது..."

"கொற சொல்லத்தானே காசு கட்னே? சொன்ன அப்பறம் வச்சினு இருந்தா எதுக்குக் கட்னே?"

எடுத்துவிட்டாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வட்டம் போட்ட இடத்தையெல்லாம் வெட்டினோம். தொண்ணூற்று நாலு பக்கம் எண்பத்தொன்று ஆனது. வெட்டி முடித்த தோல் மாதிரி எங்கு பார்த்தாலும் சுத்தம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தபோது, அதை என் மனைவி எஸ்தருக்கு வாசித்துக் காட்டினோம். எஸ்தரும் பன்னிரண்டு வருஷம் என் கம்பெனியில்தான் ஷூ மேல்பாகம் தைத்தாள். முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கடைசி வரைக்கும் கேட்டாள்.

"எப்டி இருக்கு?" என்றேன்.

"நல்லாதான் கீது. யாரு வூட்டுக் கத இது?"

"நம்ம கம்பெனி மாதிரி கம்பெனிதாம்மா" என்றாள் பியூலா.

"அப்டியா? டிவில வர்ற வூடு மாதிரி கீது. யாருக்கும் எதுவும் வலிக்கல."

சொல்லிவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பியூலா என்னைப் பார்த்தாள். என்னால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. ஐந்து நாள். மகளின் ஒரே சந்தர்ப்பத்தை நானே வெட்டிக் கூடையில் போட்டுவிட்டேனோ? அம்மை போட்ட அந்த அறுநூறு தோலும் கண் முன்னால் வந்தது.

"அந்த மேடம் போன்ல பேசறேன்னாங்களே, பேசினியா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா."

"ஏன்?"

"அதான் எல்லாம் எழுதிக் குடுத்துட்டாங்களே. எதுத்துக் கேக்கற மாதிரி இருக்காதா?"

இங்கேதான் பிள்ளைகளே, நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பார்ட்டியின் இன்ஸ்பெக்டர் வந்து அம்பு ஒட்டிவிட்டுப் போனால் நாம் வாயைத் திறக்கிறோமா? ஏன் என்று கேட்ட லைனை நான் பார்த்ததில்லை. ஒட்டின இடத்தைச் சரிசெய்வோம், முடியாவிட்டால் தூக்கிப் போடுவோம். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறி, காசு கட்டி வாங்கின அரை மணி நேரத்தைக்கூடத் தொடாமல் விட்டிருந்தோம். நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்த மரியாதை அது.

"இப்பவே போன் போடு" என்றேன். ஸ்பீக்கரில் போட்டாள். சென்னை மேடம் எடுத்தார்கள். பியூலா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள்.

"வட்டம் போட்ட எடத்தையெல்லாம் எடுத்துட்டீங்களா? எல்லாத்தையுமா? ஏம்மா? நான் எங்கயாவது எடுங்கன்னு எழுதியிருந்தேனா?"

நான் குறுக்கே புகுந்தேன். "மேடம், நான் அவங்கப்பா. நான்தான் எடுக்கச் சொன்னது. எங்க வேலையில வட்டம் போட்டா கழிச்சிடுவோம்."

"என்ன வேல சார் உங்களுக்கு?"

சொன்னேன். சிரித்தார்கள், ஆனால் குத்தலாகச் சிரிக்கவில்லை. "சார், தோல்ல ஓட்ட இருந்தா நீங்க ஒண்ணும் பண்ண முடியாது. அந்த மாட்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது. உங்க பொண்ணு எழுதுறது அப்படி இல்லையே, மாடு உயிரோடதான் இருக்கு. அந்த பஸ் சீன்ல எனக்கு நம்பிக்கை வரல, அது உண்மை. ஆனா கதையே அங்கதான் இருக்கு. அந்த அம்மா ஏன் பேசல?"

"அதுக்கு நான் இன்னா எழுதணும் மேடம்?" என்றாள் பியூலா.

"அது எனக்குத் தெரியாதும்மா. எந்த எடத்துல நம்பலன்னு சொல்லத்தான் என்னால முடியும். காரணம் உன்கிட்டதான் இருக்கணும்."

பியூலா தலையைக் குனிந்துகொண்டாள். மெதுவாகச் சொன்னாள். "எனக்கும் தெரியாது மேடம். நான் அப்போ எட்டாவது படிச்சினு இருந்தேன். ஸ்கூல் வுட்டு கம்பெனி பஸ்லயே ஏறிப்பேன், டிரைவர் தெரிஞ்சவரு. அன்னிக்கு ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்துனு வந்தேன். அம்மா பேசல. அப்பாவும் பேசல."

அந்த பஸ்ஸில் நானும் இருந்தேன்.

நடந்தது இதுதான். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மேஜைக்கு எஸ்தர் தைத்த ஒரு ஜோடி வந்தது. தைத்தவர் யார் என்று காட்டும் அவள் நம்பர் அதில் இருந்தது. பின்பக்கத்தில் ஒரு தையல் லேசாக விலகியிருந்தது. அம்பு ஒட்டினேன். அந்த மாதம் அவளுக்கு வரவேண்டிய போனஸ் வரவில்லை. இதைத்தான் மகள் எழுதியிருக்கிறாள், மேஜையில் நின்ற என்னை மகளாக மாற்றி. இரண்டு ஞாயிற்றுக்கிழமை பக்கம் பக்கமாகப் படித்தும் என் வீட்டை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கழிவு என்று சொல்லி வெட்டச் சொன்னவன் நான்.

எஸ்தர் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. பியூலா போனை வைத்துவிட்டு, "ஏம்மா பேசல?" என்று கேட்டாள்.

"யாருகிட்ட பேசறது? பஸ்ஸு முழுக்கக் காது. அறுவது பொம்பளைங்க. நான் சண்ட போட்டா, புருசன் மேஜையில கீறான்ற திமிருன்னுவாங்க. சிரிச்சினு வந்தா, ரெண்டு பேரும் பேசி வச்சினு நாடகம் ஆடறாங்கன்னுவாங்க. அழுதா அதுக்கு ஒரு மாசம் பேச்சு. அதான் ஜன்னலப் பாத்துனு வந்தேன்."

"யாருமே உன்கிட்ட பேசலயா?"

"முன்னாடி சீட்டு அல்லி திரும்பி, இன்னிக்கு இன்னா கொழம்பு எஸ்தருன்னு கேட்டா. அவ கொழம்பயா கேட்டா? என் கொரலு எப்டி வருதுன்னு பாத்தா. புளிக்கொழம்புன்னேன். நல்லா கணீர்னு சொன்னேன். அதோட பஸ்ஸே அமைதியாயிடுச்சு."

பியூலா பேனாவைத் தேடினாள். நான் எடுத்துக் கொடுத்தேன்.

"இரு, எழுதாத. இப்ப நான் ஒண்ணு கேக்கணும்" என்றாள் எஸ்தர், என்னைப் பார்த்து. "பதிமூணு வருசமா வச்சினு கீறேன். அந்த ஜோடி நெஜமாவே ரிஜெக்ட்டாய்யா?"

வெளிநாட்டு இன்ஸ்பெக்டர்களுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். ஒரு கண்டெய்னர் சரக்கு என் கையெழுத்துக்காகக் காத்து நின்றிருக்கிறது. அங்கே யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. அந்தத் தையல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எல்லைக்கோட்டில் நின்ற தையல். அப்படியும் சொல்லலாம், இப்படியும் சொல்லலாம். பக்கத்து மேஜைக்காரன் அவள் நம்பரைப் பார்த்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேற யாராவது தச்சிருந்தா வுட்டிருப்பேன்" என்றேன்.

எஸ்தர் கீரைத் தட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "தெரியும்" என்றாள். "உன் வாயால வரட்டும்னுதான்."

முப்பத்து நான்கு வருஷத்தில் நான் நேர்மையாகச் செய்தேன் என்று ஊரெல்லாம் சொன்ன ஒரு காரியம் அது. அதைச் செய்த கையும், திருப்பத்தூர்க்காரர் முதுகுக்குப் பின்னால் நிற்க வட்டம் வட்டமாகப் போட்ட கையும் ஒன்றுதான். இரண்டு தடவையும் நான் பொருளைப் பார்க்கவில்லை. யார் என்னைப் பார்க்கிறார்கள் என்று பார்த்தேன். தரம் பார்க்கிற மேஜைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, இது உங்களுக்கு. அம்பு ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை, பார்க்க யாருமே இல்லாவிட்டால் இதை ஒட்டுவேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடுவதற்கு முன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கதை எழுதுகிறவர்கள் கேட்டதற்குப் பதில்: கொடுக்கலாம். ஆனால் கையில் இருப்பதில் கொடுங்கள், வட்டிக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். வெளியாள் ஒருவர் படித்து, இந்த இடத்தில் நான் நம்பவில்லை என்று சொல்வதற்கு விலை உண்டு. அந்த மேடம் கேட்டிராவிட்டால் எங்கள் வீட்டில் அந்த வாய் திறந்தே இருக்காது. ஆனால் அவர்கள் காட்டுவது இடத்தை மட்டும். அதற்கு மருந்து என்று அவர்களே ஒன்று சொன்னால் சந்தேகப்படுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து அப்பன் ஒருவன் சொன்னால் அதைவிட அதிகமாகச் சந்தேகப்படுங்கள். காசு கட்டினால் கேள்வி கேட்கிற உரிமையும் சேர்ந்து வருகிறது. அதை எங்களைப் போல மூட்டை கட்டி வைக்காதீர்கள்.

பியூலா நாலு நாளும் கம்பெனியிலிருந்து வந்ததும் உட்கார்ந்து எழுதினாள். வெட்டினதில் முக்கால்வாசி திரும்ப வந்தது. பஸ் காட்சி நாலு பக்கம் ஆறானது. அறுபது பெண்களும் ஏறினார்கள், அல்லியும் ஏறினாள். இந்தத் தடவை நான் பக்கத்தில் உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் அனுப்பிவிட்டு வந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது. இருபது நிமிஷத்துக்கு இவ்வளவு நேரமா, இல்லை உள்ளேயே விடவில்லையா? எஸ்தர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு மணிக்கு அடித்தது. எஸ்தர் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ப்பா, இன்னும் ஒண்ணும் சொல்லல. படிச்சிட்டுச் சொல்றோம்னு ஸ்கிரிப்ட் காப்பிய வாங்கி வச்சிக்கினாங்க. ஆனா பஸ் சீன் சொல்லச் சொல்ல, கத கேட்டுனு இருந்த சார் எழுதறத நிறுத்திட்டாரு. முடிச்சதும் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு, எனக்குத் தெரியல. அம்மாகிட்ட குடு."

"அம்மாகிட்டதான் இருக்கு. கேளு" என்றேன்.

"ம்மா, வூட்டுக்குப் போயி அந்தம்மா புளிக்கொழம்பு வச்சாங்களான்னு கேட்டாரும்மா. வச்சியா?"

எஸ்தர் என்னைப் பார்த்தாள். அன்று என்ன சாப்பிட்டோம் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

"எங்க வச்சேன்?" என்றாள் போனில். "அன்னிக்கு நான் அடுப்பே பத்த வைக்கலடி. உங்கப்பா ரெண்டு தடவ தண்ணி குடிச்சிட்டுப் படுத்துக்கினாரு. ஏன்னு ஒரு வார்த்த கேக்கல."